மண்ணில் வாழும் உயிர்களும் கமக்காரரின் விளைச்சலும்

தமது வயலில் வேலை செய்வோர் எத்தனை பேர் என்று ஒரு கமக்காரரைக் கேட்டால், குடும்பத்தவரையும் கூலியாட்களையும் எண்ணிச் சொல்வார். அவர் எண்ணாத வேலையாட்கள் அவ்வயலிற் கோடிக்கணக்கில் உளர். வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டியளவு எடுத்தால், அதில் மட்டுமே கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கும். அவற்றோடு பங்கசுகளும் அல்காக்களும் மண்புழுக்களும் சேர்ந்து இரவு பகலாக உழைக்கின்றன. அவை கூலி கேட்பதில்லை. உணவு மட்டுமே கேட்கின்றன. அவ்வுணவை நாம் கொடுக்கின்றோமா, அன்றி அவற்றைப் பட்டினியிடுகின்றோமா என்பதை ஒவ்வொரு கமக்காரரும் சிந்தித்தல் வேண்டும்.

மண்ணுயிர்கள் செய்யும் வேலை

இலை, வைக்கோல், சாணம் முதலியவற்றைப் பயிர் அப்படியே உண்ண இயலாது. மண்ணுயிர்கள் அவற்றை உக்கச் செய்து, வேர்கள் உறிஞ்சத்தக்க ஊட்டமாக மாற்றுகின்றன. உக்கிய பொருள் மண் துணிக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்து, நீரையும் காற்றையும் மண்ணில் தங்கச் செய்கின்றது. கண்டியைச் சூழவுள்ள மலைச்சரிவுகளில் இப்பிணைப்புத் தளர்ந்தால், ஒரு பெருமழையிலேயே மேல்மண் கழுவுண்டு ஓடைகளுக்கும் மகாவலி கங்கைக்கும் சென்றுவிடும். அம்மண்ணோடு, நாம் பணங்கொடுத்து வாங்கி இட்ட பசளையும் போய்விடும்.

வளிமண்டலத்தில் ஐந்தில் நான்கு பங்களவு நைதரசன் உண்டு. எனினும், பயிர் அதனை நேரே எடுத்துக்கொள்ளாது. சில நுண்ணங்கிகளே அதனைப் பயிருக்கு உதவும் வடிவிற்கு மாற்ற வல்லன. அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சுக்களில் வாழும் இறைசோபியம் என்னும் பற்றீரியா அவற்றுள் ஒன்று. நெல் வயலின் நீரில் வளரும் நீலப்பச்சை அல்காக்கள் இன்னொரு வகை. இவ்வல்காக்கள் நெல் வயலுக்கு நைதரசன் சேர்க்கின்றன என்பதை இந்திய விஞ்ஞானியாகிய பி. கே. தே 1939 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார்.

கண்டியில் நடைபெறும் ஆராய்ச்சி

இத்துறையில் எமது கண்டிப் பகுதிக்குச் சிறப்பான இடமுண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியற் பேராசிரியராகப் பணியாற்றிய எஸ். ஏ. குலசூரிய அவர்கள், நெல் வயலின் நீலப்பச்சை அல்காக்கள் பற்றிப் பி. ஏ. ரோஜர் என்பவருடன் இணைந்து எழுதிய நூலைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவரையினப் பயிர்களுக்கான இறைசோபிய வித்துக் கலவைகள் பற்றியும் அவர் ஆராய்ந்தார்.

1981 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றதும் இன்று கண்டி ஹந்தானையில் இயங்குவதுமான தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில், பேராசிரியர் காமினி செனவிரத்ன அவர்கள் நுண்ணங்கிகளின் கூட்டு வாழ்க்கையை ஆராய்ந்துள்ளார். பற்றீரியாக்கள் தனித்தனியே அலைவதைக் காட்டிலும், பங்கசின் நூல்களிற் பற்றிப் படர்ந்து ஒரு மெல்லிய உயிர்ப்படலமாக வாழும்போது கூடிய வலிமையுடன் செயற்படுகின்றன என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படையாகும். தனித்து நிற்கும் ஒருவரிலும் பார்க்க, அத்தமாக ஒன்றுகூடி அறுவடை செய்யும் ஊரார் விரைவாக வேலை முடிப்பது போன்றதே இதுவும். இப்படலத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்து, உயிர்ப்பசளையாகத் தேயிலை, நெல் முதலிய பயிர்களுக்கு இட்டு, விதந்துரைக்கப்பட்ட அளவிலும் குறைந்த இரசாயனப் பசளையுடன் பரீட்சித்துள்ளனர்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இப்பரீட்சைகளில் இரசாயனப் பசளை முற்றாக விலக்கப்படவில்லை. அளவு குறைக்கப்பட்டு, மண்ணுயிர்களின் துணையோடு இடப்பட்டது.

2021 ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதிலும், பெரும்போகச் செய்கை அதற்கிடையில் ஆரம்பித்துவிட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. கமக்காரர் பெருந் துன்பமுற்றனர். பல்லாண்டுகள் பட்டினி கிடந்த மண்ணுயிர்கள் ஒரே போகத்திற் பெருகி, பயிரின் முழுத் தேவையையும் நிறைவேற்றுதல் இயலாது. ஆகவே, சேதனப் பசளை பயனற்றது என்று அவ்வனுபவத்திலிருந்து முடிவு செய்தல் தவறாகும். மண்ணைப் படிப்படியாகவே மாற்ற இயலும் என்பதே அதன் பாடம்.

நெல் வயலிற் செய்யவேண்டியவை

அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீயிடுதல் கூடாது. ஆயிரம் கிலோகிராம் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், பொற்றாசு கணக்கிற் சுமார் 14 முதல் 20 கிலோகிராம் வரை ஊட்டமும் உண்டு. எரித்தால் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும்; மண்ணுயிர்களின் உணவும் சாம்பலாகும்.

வைக்கோலை வயலிற் பரப்பி, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே உழுது மண்ணுக்குள் அமிழ்த்துக. விதைக்கும் தறுவாயில் அமிழ்த்தினால், வைக்கோலை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும். இளம் பயிர் மஞ்சளிக்கும். வரம்போரங்களிற் கிளிசிறிடியாவை நட்டு, அதன் தழையையும் வைக்கோலுடன் சேர்த்தால் உக்கல் விரைவுபடும்.

யூரியாவை ஒரே தடவையில் மிகையாக வீசுதல் தகாது. நீரில் நைதரசன் மிகுந்தால், நீலப்பச்சை அல்காக்கள் காற்றிலிருந்து நைதரசன் எடுக்கும் வேலையை நிறுத்திவிடும்.

மரக்கறித் தோட்டத்திற் செய்யவேண்டியவை

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் தேவைக்கு மேலாகப் பசளை இட்டதனால், பொசுபரசு மண்ணிற் பெருமளவு தேங்கியுள்ளது. பொசுபரசு மிகுந்தவிடத்து, வேரோடு சேர்ந்து வாழும் நன்மைதரு பங்கசுகள் குன்றிவிடும். ஆகையால், மண் பரிசோதனை செய்யாது பசளை இடுதல் வீண் செலவாகும். தோட்டத்தின் எட்டுப் பத்து இடங்களிலிருந்து 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோகிராமை நிழலில் உலர்த்தி, உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கவும். புளிப்பு மிகுந்த மண்ணாயின், பரிசோதனை காட்டும் அளவுக்குத் தொலமைற்று இடுக.

கோவா, கரட் ஆகியவற்றையே தொடர்ந்து நடாது, இடையிடையே போஞ்சி முதலிய அவரையினப் பயிரைச் செய்க. நிலத்தை வெறுமையாக விடாது, உலர்ந்த தழையால் மூடுக. இறைசோபியக் கலவை கிடைத்தால், விதையை நீரால் ஈரமாக்கி, நிழலிற் கலந்து உடனே நடுக. வெயிலிற் காட்டினாலோ, பங்கசுநாசினியுடன் கலந்தாலோ அவ்வுயிர்கள் மடிந்துவிடும்.

நீங்களே செய்யத்தக்க சோதனைகள்

போஞ்சி பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுத்து, வேர்முடிச்சொன்றை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயின் பற்றீரியா வேலை செய்கின்றது. வெண்மையாகவோ பச்சையாகவோ இருப்பின் அது செயற்படவில்லை. மழை பெய்த மறுநாள் தோட்டத்து மண்ணில் ஒரு மண்வெட்டியளவு வெட்டிப் புரட்டுக. மண்புழுக்கள் நெளிந்து, மண் பொலபொலவென உதிருமாயின் நிலம் நன்னிலையில் உள்ளது.

சேதனப் பசளையையும் உயிர்ப்பசளையையும் புதிதாகக் கையாள விரும்புவோர், முழு நிலத்திலும் ஒரே முறையிற் செய்தல் வேண்டா. ஒரு பாத்தியில் அல்லது வயலின் ஒரு துண்டிற் செய்து, பழைய முறையிற் செய்த பகுதியோடு விளைச்சலையும் செலவையும் ஒப்பிட்டுக் குறித்து வைக்கவும். இரண்டு மூன்று போகங்களின் பின் உங்கள் குறிப்பேடே சரியான வழியைக் காட்டும்.

மூதாதையர் எம்மிடம் ஒப்படைத்த நிலத்தை நாமும் எம் மக்களிடம் ஒப்படைக்கவேண்டியவர்களாவோம். ஆகவே, அடுத்த அறுவடையின் பின் வைக்கோலுக்குத் தீ மூட்டாது, அதை மண்ணுக்கே திருப்பிக் கொடுங்கள்.