அடுக்குமாடி வளருது... தெரு வளரலையே! தென்சென்னை புறநகர் மக்கள் அச்சம்

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் பகுதிகளில் திரும்பிய பக்கமெல்லாம் புதுப்புது அடுக்குமாடி குடியிருப்புகள். ஆனால் அங்கே போகிற உள் தெருக்கள் மட்டும் பழைய கிராமத்துத் தெருக்களாகவே இருக்கின்றன.

காலை 8 மணி ஆனால் போதும். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஷிப்டுக்கு ஓடுகிற தொழிலாளர்கள், ஷேர் ஆட்டோக்கள் என தெருவே திணறுகிறது. இதற்கு நடுவில் மணல் லாரி, ஜல்லி லாரி, தண்ணீர் லாரி. பல தெருக்களில் ஒதுங்கி நிற்கக்கூட நடைபாதை கிடையாது. 2022 மே மாதம் மேடவாக்கத்தில் 2 கி.மீ. நீள மேம்பாலம் முழுசாகத் திறக்கப்பட்டது. மெயின் ரோட்டில் நெரிசல் குறைந்தது. உள் தெருவுக்கு அதனால் விமோசனம் இல்லை.

2025 ஜூன் மாதம் சென்னை பெரம்பூரில் தாயுடன் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன சிறுமி தண்ணீர் லாரி மோதி பரிதாபமாக இறந்தாள். அதன் பிறகு லாரி சத்தம் கேட்டாலே பெற்றோர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. புது வீடுகள் வரக்கூடாது என்று மக்கள் சொல்லவில்லை. இந்தத் தெரு தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள்.

ரூல் என்ன சொல்லுது?

தமிழகத்தில் 2019-ம் ஆண்டு வந்த ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்படிதான் அனுமதி கொடுக்கப்படுகிறது. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால், அதாவது சுமார் 5 மாடிக்கு மேலே போனால், அது உயரமான கட்டிடம். அதற்கு மனைக்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர், சுமார் 40 அடி ரோடு வேண்டும். 18 மீட்டர், அதாவது 60 அடி ரோடு இருந்தால் இன்னும் அதிக பரப்பு கட்டிக்கொள்ளலாம். உயரமான கட்டிடத்துக்கு போக்குவரத்து போலீசின் தடையில்லா சான்றும் தேவை.

ரோட்டை அகலப்படுத்த வேண்டிய இடமாக இருந்தால், கட்டுகிறவர் தன் மனையில் ஒரு பகுதியை இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர் மனைக்கு முன்னால் மட்டும் ரோடு அகலமாகும். அடுத்த வீட்டு வாசலில் மறுபடியும் ஒடுங்கிவிடும். அகலமான இடத்தில் வேகமெடுக்கும் வண்டி, ஒடுக்கமான இடத்துக்கு வரும்போது எதிரே வருகிறவர்மேல் பாய்கிறது.

28 தடவை லாரி

கட்டிட வேலை முடிந்தால் லாரித் தொல்லை தீர்ந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. குழாய்த் தண்ணீர் எட்டாத இடங்களில் லாரித் தண்ணீர்தான் கதி. 300 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு கணக்கு. மொத்தம் 1 லட்சத்து 62 ஆயிரம் லிட்டர். முழுக்க லாரியில் வாங்கினால், 12 ஆயிரம் லிட்டர் லாரி 14 தேவை. போகவும் வரவுமாக ஒரே தெருவில் தினமும் 28 தடவை! இது ஒரு குடியிருப்புக்கு மட்டும்.

நம்மள யாரும் கேட்க மாட்டாங்க

மொத்த கட்டுமானப் பரப்பு 20 ஆயிரம் சதுர மீட்டர், அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடி, அதற்கு மேல் போனால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். மத்திய அரசின் 2006-ம் ஆண்டு அறிவிக்கையில் இது இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு நடப்பதுபோல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கூட்டம் இந்த கட்டிடங்களுக்கு கிடையாது. தெருவில் குடியிருப்பவருக்கு பொக்லைன் வந்து பள்ளம் தோண்டும்போதுதான் விஷயமே தெரிகிறது.

அனுமதி கிடைத்ததும் கம்பெனி அதை பேப்பரில் விளம்பரமாக வெளியிட வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் நகல் தர வேண்டும். என்னென்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

வேகத்தடை போட்டா போதுமா?

ராத்திரியோடு ராத்திரியாக மண்ணைக் கொட்டி மேடு போடுவது ஆபத்து. பைக்கில் வருகிறவர்தான் முதலில் விழுவார். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். வெள்ளைக் கோடும், முன்கூட்டியே எச்சரிக்கை பலகையும் வேண்டும்.

சென்னை மாநகரில் குடியிருப்பு பகுதிக்கு 30 கி.மீ. வேகம்தான் என்று 2023 நவம்பரில் போக்குவரத்து போலீசார் அறிவித்தனர். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, டிரைவர் சுதாரிக்கும் ஒரே நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். 30 கி.மீ. என்றால் 8 மீட்டர். பந்தை எடுக்க ஓடிவரும் குழந்தைக்கு அந்த 6 மீட்டர்தான் உயிர்.

எங்கே மனு கொடுப்பது?

கட்டிட அனுமதி பற்றிய புகாருக்கு சி.எம்.டி.ஏ. அலுவலகம். அனுமதி நகல், ரோட்டின் அகலம் ஆகியவற்றை தகவல் உரிமை சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். லாரி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்த போலீசில் மனு தரலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிக்கு 2022-ல் தொடங்கிய தாம்பரம் போலீஸ் கமிஷனர் அலுவலகம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். தனித்தனியாக புலம்புவதைவிட, தெருவே சேர்ந்து அங்கே தீர்மானம் போடச் சொன்னால் அது எழுத்தில் நிற்கும்.

மனுவில் பொதுவாக "போக்குவரத்து இடைஞ்சல்" என்று எழுதினால் எடுபடாது. ரோட்டை டேப் வைத்து அளந்து எத்தனை அடி, பள்ளி எத்தனை மணிக்கு, லாரி எத்தனை தடவை என்று கணக்கோடு எழுத வேண்டும்.

பள்ளிக்கூட நேரத்தில் லாரிக்குத் தடை, ஓரமாக நடக்க ஒரு பாதை, முறையான வேகத்தடை. இந்த மூன்றையும் புது வீடுகளுக்கு சாவி கொடுப்பதற்கு முன்பே செய்து தர வேண்டும் என்பதுதான் மக்களின் எதிர்பார்ப்பு. ஒரு உயிர் போனபிறகு ஓடிவருவதைவிட, இப்போதே அதிகாரிகள் தெருவுக்கு வந்து பார்ப்பார்களா?