எழுபது பேர் வாசிக்கும் இசை ஒரே மடிக்கணினியில்: குறைந்த செலவில் சிம்பொனி ஒலி சாத்தியமா?

ஜோர்ஜ்டவுனில் குறும்படம் எடுக்கும் இளைஞருக்கும், தைப்பூசத்திற்குப் பக்திப் பாடல் வெளியிட நினைக்கும் குழுவுக்கும் ஆசை ஒன்றுதான்: பாடலின் பின்னணியில் வயலின்கள் திரண்டு ஒலிக்க வேண்டும். ஆனால், முழு சிம்பொனி இசைக்குழு என்றால் எழுபது, எண்பது கலைஞர்கள் வேண்டும். பினாங்கு ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இங்கேயே இருக்கிறது. கோலாலம்பூரில் 1998 முதல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இயங்குகிறது. ஒரே ஒரு பாடலுக்காக அத்தனை பேரை அமர்த்தும் வசதிதான் நம் இளைஞர்களிடம் இல்லை.

இந்தக் குறையைப் பெருமளவு போக்குவது மெய்நிகர் இசைக்கருவி. கலைஞர்கள் ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, உரக்க, நீட்டி, வெட்டி, நரம்பைச் சுண்டி எனப் பல விதமாக வாசிப்பார்கள். அவை அனைத்தும் தனித்தனியாகப் பதிவு செய்யப்படும். கணினியோடு இணைத்த கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், அதற்குப் பொருத்தமான பதிவு ஒலிக்கும். கேட்பது ஒரு மனிதர் உண்மையாகவே வில்லை இழுத்த ஒலி.

*செலவு எவ்வளவு?*

லண்டனின் ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம், பிபிசி சிம்பொனி இசைக்குழுவை மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து ஒரு தொகுப்பை உருவாக்கியது. அதன் சிறிய பதிப்பான ‘டிஸ்கவர்’ இலவசமாகக் கிடைக்கிறது. 33 கருவிகள் கொண்ட இதன் அளவு சுமார் 200 எம்பி மட்டுமே; சாதாரண மடிக்கணினியே போதும்.

பாடலைக் கோக்க ஒரு மென்பொருளும் தேவை. ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் கேக்வாக் சோனாரின் இலவசப் பதிப்பு உண்டு. ரீப்பர் மென்பொருளை 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். மேற்கத்திய இசைக்குறிப்பு எழுதத் தெரிந்தவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் இலவசமாக உதவும். இவை போக, சிறிய கீபோர்டுக்கும் நல்ல ஹெட்ஃபோனுக்கும் சில நூறு வெள்ளி ஆகும்.

திருட்டுப் பதிப்புகளைத் தேடிப் போகத் தேவையில்லை. அவற்றோடு வைரஸ் வரலாம். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. இலவசத் தொகுப்புகளிலும் உரிம நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

*ஒலி ஏன் பொம்மை போல் கேட்கிறது?*

நல்ல தொகுப்பு இருந்தும் பலருடைய இசை உயிரற்றுக் கேட்பதற்குக் காரணம் வாசிக்கும் முறை. பத்து விரலாலும் கட்டைகளை அழுத்தி ஒரே ‘ஸ்ட்ரிங்ஸ்’ ஒலியில் வாசித்தால் அது கீபோர்டாகத்தான் கேட்கும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு எழுத வேண்டும்.

புல்லாங்குழல் வாசிப்பவர் மூச்சு வாங்குவார். அதற்கு இடைவெளி விட வேண்டும். நீண்ட சுரங்கள் ஒரே அளவில் ஒலிக்கக்கூடாது. கீபோர்டில் உள்ள மாடுலேஷன் சக்கரத்தை உருட்டி, ஒலியை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். எல்லாச் சுரங்களையும் கணினியின் தாளக் கட்டத்தில் இம்மி பிசகாமல் நிறுத்துவதும் தவறு. எழுபது பேர் ஒரே நொடியில் துல்லியமாகத் தொடங்குவதில்லை.

2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் ‘திருவாசகம்’, 2025 மார்ச் 8இல் லண்டனில் ‘வேலியண்ட்’ சிம்பொனி எனப் படைத்த இளையராஜாவின் பலமும் இதுதான். எந்தக் கலைஞர் எதை வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பவர் அவர். அந்தப் பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. ஒரு பாடலை நூறு முறை கேட்டு, கருவிகளைப் பிரித்தறியும் பொறுமை போதும்.

*கணினியால் முடியாதது*

இந்தத் தொகுப்புகள் மேற்கத்திய இசைக்காக உருவானவை. சுரங்கள் நேராக நிற்கும். நம் கமகத்தின் அசைவும் இழைவும் அவற்றில் வராது. தோடியையோ ஆனந்த பைரவியையோ கீபோர்டின் வளைவுச் சக்கரத்தால் ஈடுகட்ட முயன்றால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு வழி காட்டியவர் ஏ.ஆர்.ரஹ்மான். 1992இல் ‘ரோஜா’ படத்தின் இசை, சிந்தசைசர்கள் நிறைந்த அவரது சென்னை வீட்டு ஒலிக்கூடத்தில் உருவானது. அதிலும் உண்மையான கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள்.

எனவே மிச்சமாகும் பணத்தில் ஒரு வயலின் கலைஞரையோ, கோயிலில் வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞரையோ அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, முன்னணி மெட்டைப் பதிவு செய்வதே நல்லது. கணினிக் குழுவின் மேல் அந்த ஒரு கருவி சேரும்போது முழுப் பாடலும் உயிர்பெறும். உள்ளூர்க் கலைஞருக்கு வேலையும் கிடைக்கும். இலவச மென்பொருள் அந்தக் கலைஞரின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், நாளை கமகம் வாசித்துக் காட்டவே ஊரில் ஆள் இருக்கமாட்டார்கள்.