நாடு கடத்தப்பட்ட நாயகன்… பெயர் மறைக்கப்பட்ட எழுத்தாளர்!

கதவு திறக்கிறது. சூரிய ஒளியில் கவசம் தகதகக்க, வெள்ளைக் குதிரையில் வருகிறான் எல் சித். எதிரிப்படை சிதறி ஓடுகிறது. அவன் உயிரோடு இல்லை, சேணத்தோடு சேர்த்துக் கட்டப்பட்ட சடலம் என்பது அவர்களுக்குத் தெரியாது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும் காட்சி இது. 1961இல் வந்த ‘எல் சித்’ படத்தின் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாலோ, சிலிர்ப்பு இரட்டிப்பாகிறது!

எல் சித் என்று அழைக்கப்பட்ட ஸ்பானிய வீரர் ரோட்ரிகோ தியாஸ் நிஜ மனிதர். 1081இல் மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோ அவரை நாட்டைவிட்டே துரத்தினார். அவரோ 1094இல் வலென்சியா நகரையே கைப்பற்றினார், 1099இல் அங்கேயே இறந்தார். சடலச் சவாரி மட்டும் பிற்காலக் கர்ணபரம்பரைக் கதை.

படத்தில் வலென்சியாவாக நடித்த ஊர் எது தெரியுமா? மத்தியதரைக் கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும் பெனிஸ்கோலா! புதுக் கட்டடங்கள் கண்ணில் படாமலிருக்கப் படக்குழு செட் மதில்களை எழுப்பியது. உச்சியில் தெரிவது அசல் கோட்டை. சித் இறந்து சுமார் 200 ஆண்டுகள் கழித்து டெம்பிளர் வீரர்கள் கட்டியது! படத்தில் குதிரையில் ஈட்டியோடு மோதும் போட்டி நடப்பது பெல்மோன்தே கோட்டையடியில். அது இன்னும் இளசு, 15ஆம் நூற்றாண்டு!

சண்டைக் காட்சிகளுக்குப் பின்னால் இருந்தவர் யகீமா கனுட். ‘பென்ஹர்’ ரதப் போட்டியை அமைத்த அதே கில்லாடி! அந்தப் படத்தின் நாயகன் சார்ல்டன் ஹெஸ்டனும் இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷாவும் இங்கேயும் உண்டு. போர்க்களத்தில் அலை அலையாக வருவது கம்ப்யூட்டர் கூட்டமல்ல. ஸ்பானிய ராணுவத்தின் நிஜச் சிப்பாய்கள்! வரலாற்று ஆலோசனைக்கு வந்தவர் 90 வயதைத் தாண்டிய அறிஞர் ரமோன் மெனெண்டஸ் பிதால். சித்தை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்!

என் மனதைப் பறித்த ரகசியத்துக்கு இப்போது வருகிறேன். திரைக்கதையில் பெரும்பங்கு ஆற்றியவர் பென் பார்ஸ்மன். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாட்களில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி, ஐரோப்பாவில் குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தவர். ஆம், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவனின் கதைக்கு வசனம் எழுதியவரே நாடு திரும்ப முடியாமல் இருந்த மனிதர்! படம் வெளியானபோது பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த அங்கீகாரம் கிடைத்தது.

இது தெரிந்த பிறகு படத்தின் தானியக் கொட்டகைக் காட்சியைப் பாருங்கள். நாடிழந்த சித், மனைவியோடு (சோஃபியா லோரன்) அங்கே ஓர் இரவைக் கழிக்கிறான். ஊர் பேர் தெரியாத மூலையில் இருவரும் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம் என்று கனவு காண்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தால், அவனோடு வனவாசம் வரத் தயாராக வெளியே ஒரு பெருங்கூட்டம்! தன்னந்தனியாகத் துரத்தப்பட்டவனுக்கு ஒரு படையே துணை! அந்த ஏக்கமும் அந்த ஆனந்தமும் எழுதியவரின் நெஞ்சிலிருந்தே வந்தவை என்று நான் முழுதாக நம்புகிறேன்.

படம் மூன்று மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள், இருப்பதிலேயே பெரிய திரையில் பாருங்கள். அந்தக் கொட்டகைக் கதவு திறக்கும்போது பென் பார்ஸ்மன் என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்!