கல்லமேட்டில் கிடைத்த குட்டிப் பல்!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை!' என்று சமூக வலைதளங்களில் படங்கள் பறந்தன. நிபுணர்கள் பார்த்துவிட்டு, "முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தோடு சேர்ந்து இறுகிய படிவம்" என்றார்கள். பலருக்கு ஏமாற்றம்!

ஆனால், நிஜமான டைனோசர் தடயம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு குட்டிப் பல்தான் அது.

அஞ்சலி கோஸ்வாமி, டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர்.பிரசாத் உள்ளிட்ட குழுவினர், 2013-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். 'ட்ரூடான்டிட்' என்ற டைனோசர் குடும்பத்தின் பல் அது என்பது அவர்கள் முடிவு. வயது, சுமார் 7 கோடி ஆண்டுகள்.

ட்ரூடான்டிட் என்றதும் சினிமாவில் வரும் ராட்சத உருவத்தை நினைக்காதீர்கள். இவை சின்ன உடம்பு, நீண்ட கால்கள், பெரிய கண்கள் கொண்டவை. காலில் அரிவாள் போல வளைந்த நகம் இருக்கும். உடம்போடு ஒப்பிட்டால் மூளையும் பெரியது. சீனாவில் கிடைத்த உறவுக்கார டைனோசர்களின் படிவங்களில் இறகுகள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கே கிடைத்த இன்னொன்று, நம் வீட்டுக் கோழி போலத் தலையைக் கைக்கடியில் செருகித் தூங்கிய நிலையிலேயே கல்லாகியிருக்கிறது!

அரியலூரே ஒரு காலத்தில் கடல்தானே, அங்கே டைனோசர் எப்படி? கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்தான் கல்லமேட்டுப் படிவம். அதில்தான் இந்தப் பல் இருந்தது.

இந்தக் குடும்பம் ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்காவில் மட்டுமே வாழ்ந்தது என்று அதுவரை நம்பினார்கள். அன்றைய இந்தியாவோ ஆசியாவோடு சேராமல், கடலில் தனியாக நகர்ந்துகொண்டிருந்த நிலம். அப்படியானால் இவை எப்படி இங்கே வந்தன? கண்டங்கள் பிரியும் முன்பே இங்கு இருந்தனவா? ஒரு பல்லை வைத்து முழுப் பதில் சொல்ல முடியாது. இன்னும் எலும்புகள் கிடைக்க வேண்டும்.

கிடைத்தாலும் காப்பாற்ற வேண்டுமே! இதே கல்லமேட்டில் கிடைத்த பிரமாண்ட எலும்புகளுக்கு 1980-களில் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆனால், அந்த எலும்புகள் உதிர்ந்து பொடியாகிவிட்டன. இன்று சரிபார்க்க வழியில்லை. மலை போன்றது போய்விட்டது, கடுகு போன்றது நின்றுவிட்டது.

எனவே, அந்தப் பக்கம் வயலிலோ ஓடையிலோ விநோதமான கல்லைப் பார்த்தால் உடைக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ-விடமோ கல்லூரிப் புவியியல் துறையிலோ சொல்லுங்கள். பிள்ளைகளோடு போகிறீர்களா? வாரணவாசி அருங்காட்சியகத்தையும் சாத்தனூர் கல்மரத்தையும் காட்டுங்கள். அடுத்த பல்லைக் கண்டுபிடிப்பது உங்கள் வீட்டுக் குட்டியாகவும் இருக்கலாம்!