தாது இறங்கிய பாதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யூரே, சில்வர்டன் என்ற இரு சிற்றூர்களை இணைக்கும் மலைச்சாலைக்கு ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’ என்று பெயர். நீளம் சுமார் 40 கிலோமீட்டர்தான். ரெட் மவுண்டன் கணவாயில் 11,018 அடி உயரம் வரை ஏறி இறங்குகிறது. ஒருபுறம் செங்குத்துப் பாறை, மறுபுறம் கிடுகிடு பள்ளம். பல வளைவுகளில் தடுப்புச்சுவர் கூடக் கிடையாது. ஒரு மைலுக்கு அவ்வளவு செலவானதால் வந்த பெயர் என்பார்கள் சிலர். நிரப்பிய மண்ணில் தங்கத்தாது கலந்திருந்ததால் என்பார்கள் வேறு சிலர். எந்தக் கதையிலும் பணம்தான் பேசுகிறது, அழகு பேசவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. காட்சி பார்க்கவா இதைப் போட்டார்கள்? தாதுவை மலையிலிருந்து இறக்கப் போட்டார்கள்.

இந்த மலைகள் யூட் பழங்குடிகளின் நிலம். வெள்ளி இருப்பது தெரிந்ததும் 1873 ஒப்பந்தத்தில் அந்த நிலம் கைமாறியது. 1881இல் அந்தப் பகுதியிலிருந்தே அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய தலைவர் யூரேயின் பெயர் மட்டும் ஊருக்குத் தங்கிவிட்டது. 1880களில் ஆட்டோ மியர்ஸ் இங்கே சுங்கச்சாலை வெட்டினார். சுற்றிப்போக வழியே இல்லாத பேர் க்ரீக் அருவி அருகே சுங்கச்சாவடியை வைத்தார், கெட்டிக்காரர்! 1882இல் சில்வர்டனுக்கு ரயில் வந்தது. 1893இல் அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்தது. தங்கம் சிறிது காலம் தாங்கிப் பிடித்தது. இன்று பயணிகள் படமெடுக்கும் பழைய கட்டடங்கள் எல்லாம் அந்தச் செல்வத்தின் மிச்சம்.

‘ஊர் சுற்ற வந்தவனுக்கு எதற்கு இந்தக் கணக்கு?’ என்று கேட்கலாம். ஆனால் அவன் மெச்சும் காட்சியே அந்தக் கணக்கில் அடக்கம். மலை சிவந்திருப்பதற்குக் காரணம், பாறையிலுள்ள இரும்பு கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டுத் துருவேறுவது. அதே வினைதான் சுரங்கத்துக்குள் அமில நீரைச் சுரக்கிறது. 2015 ஆகஸ்டில் சில்வர்டன் அருகே கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து ஒரு கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீர் பீறிட்டு அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடியது. சுரங்கம் தோண்டும் முன்பே ஓடைகளில் இயற்கையாக அமிலம் கசிந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் மலையின் வயிற்றைக் குடைந்து காற்றுக்கும் நீருக்கும் வழி திறந்துவிட்டது மனிதக் கைகள். கசிவு பல மடங்கானதற்கு மலை பொறுப்பல்ல.

ஊரில் ஓர் அச்சமும் இருந்தது. மாசுபட்ட இடம் என்று முத்திரை விழுந்தால் சுற்றுலா படுத்துவிடும் என்று சில்வர்டன் மக்களில் பலர், மத்திய அரசின் துப்புரவுப் பட்டியலில் சேர்வதைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். சுற்றுலாவையே நம்பியிருக்கும் ஊர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் பெயரைக் காப்பாற்றிய அந்த ஆண்டுகளிலும் கசிவு நிற்கவில்லை. ஆறு நிறம் மாறிய பிறகே மனம் மாறினார்கள். 2016இல் அந்தச் சுரங்கப் பகுதி பட்டியலில் சேர்ந்தது. அன்று தாது ஏற்றிப்போன அதே குறுகிய இருப்புப்பாதையில், இன்றும் கோடையில் நீராவி ரயில் டுராங்கோவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சில்வர்டனில் இறக்குகிறது.