அடியில் பிறக்கும் அடி

‘அடி’ என்னும் தமிழ்ச்சொல் பாதத்தைக் குறிக்கும், கோல்கொண்டு ஓங்கிப் புடைத்தலைக் குறிக்கும், நீட்டலளவையையும் குறிக்கும். இம்மூன்று பொருளும் ஒருங்கே கூடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே ‘சாப்ட்பால்’ எனப்படும் மென்பந்தாட்டம். மகளிர் ஆட்டத்தில் பந்தெறிவாளர் 43 அடித் தொலைவில் நிற்கிறார். மட்டையாளர் பந்தை அடிக்கிறார். அந்த அடியின் வலிமையோ அவர்தம் அடியில், அஃதாவது பாதத்தில் பிறக்கிறது. இவ்வுண்மை போதிய அளவு உணரப்படாதவிடத்து, ‘கையில் வலுவில்லை’ என்னும் ஒரு சொல்லோடு இளஞ்சிறுமியர் ஆடுகளத்தை விட்டு ஒதுங்க நேர்கிறது. குறை பெரும்பாலும் வலுவில் அன்று, முறையில் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் வரலாறு

மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில், ஜார்ஜ் ஹான்காக் என்பவரால் உள்ளரங்க விளையாட்டாகத் தொடங்கப்பெற்றது. இந்திய மென்பந்துக் கழகம் 1961இல் தோன்றியது. மகளிர் மென்பந்தாட்டம் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இன்று நம் நாட்டில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளிலும் இதற்கு இடமுண்டு. விளையாட்டுத் தகுதியால் கல்லூரிக் கதவு திறக்கும் என்னும் நம்பிக்கையோடு மட்டை பிடிக்கும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது பொழுதுபோக்கு மட்டும் அன்று.

பழக்கம் தரும் இடர்ப்பாடு

செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூர் போன்ற ஊர்களில் வளரும் பிள்ளை மென்பந்து மட்டையை முதன்முதலாகக் கையில் ஏந்தும்பொழுது, அதன் கை ஏற்கெனவே பழக்கப்பட்ட கையாகவே இருக்கும். கில்லி எனவும் வழங்கும் கிட்டிப்புள்ளும், அறுவடை முடிந்த வயலில் ஆடிய டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டும் அக்கையைப் பழக்கியிருக்கும். கண்ணையும் கையையும் இணைத்துப் பழக்கியமை இவ்விளையாட்டுகள் தந்த பேறு. ஆயினும் மூன்று வேறுபாடுகள் ஈண்டுக் கருதத்தக்கன.

முதலாவது, எடை. டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். மென்பந்தின் எடையோ 178 முதல் 198 கிராம் வரை, அஃதாவது மும்மடங்கு. தோளும் மணிக்கட்டும் மட்டுமே இயங்கினாலும் டென்னிஸ் பந்து தொலைவில் சென்று விழும், மென்பந்து செல்லாது. பெயரில் ‘மென்மை’ இருப்பினும் பந்து மென்மையானதன்று.

இரண்டாவது, மட்டை செல்லும் வழி. கிரிக்கெட்டில் தரையில் பட்டு எழும் பந்துக்கு மட்டையைச் செங்குத்தாகக் கொணர்வது அடிப்படைப் பாடம். மென்பந்தாட்டத்தில் பந்து தரையில் படாமலே வருகிறது. மட்டை பின்தோளருகே உயர்ந்து நின்று, உடலைச் சுற்றி ஏறத்தாழக் கிடைமட்டமாகச் சுழல வேண்டும்.

மூன்றாவது, கண்ணின் பழக்கம். மென்பந்தைக் கீழ்க்கை வீச்சில் இடுப்பருகிலிருந்து விடுவிக்கின்றனர். மணிக்கு 95 கிலோமீட்டர் விரைவில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆகாது. மட்டை சுழல்வதற்கே அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும். எனவே பந்தெறிவாளரின் கையசைவைக் கண்டே பந்தின் போக்கை முன்னுணர வேண்டும். 2004ஆம் ஆண்டு நடந்த ஒரு காட்சிப் போட்டியில் பேஸ்பால் ஆட்டத்தின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸ், ஜென்னி பின்ச் என்னும் மென்பந்து வீராங்கனையின் பந்துகளைத் தொடமுடியாமல் வெளியேறினார். அவருக்கு வலுவும் குறைவில்லை, விரைவும் குறைவில்லை. அந்தக் கையசைவைப் படிக்கும் பழக்கமே அவர் கண்ணுக்கு இல்லை. தேர்ந்தவர்க்கே இந்நிலை எனின், புதிதாக வரும் சிறுமி சில வாரங்கள் தடுமாறுவதில் வியப்பென்ன?

சுழற்சியின் படிகள்

நல்ல சுழற்சி கீழிருந்து மேலாக எழுகிறது. மாடு ஓட்டுபவரின் சாட்டையை நோக்குக. பிடி முதலில் அசைகிறது; நுனி கடைசியாக வருகிறது; எனினும் நுனியின் விரைவே மிகுதி. அவ்வாறே பாதம், இடுப்பு, மார்பு, தோள், கை, மட்டை என்னும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றல் ஏற வேண்டும். கை முந்திக்கொண்டால் சங்கிலி அறுபட்டுவிடும்.

1. நிற்றல்: பாதங்கள் தோளகலத்தினும் சற்று விரிந்தும், முழங்கால்கள் சிறிது மடங்கியும் இருத்தல் வேண்டும். தோளில் மெல்லத் தள்ளிப் பார்த்தால் பிள்ளை தடுமாறலாகாது. சிலம்பம் பயில்வோர்க்குக் காலடியே முதற்பாடமாவதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

2. பிடித்தல்: மட்டை உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் அமைய வேண்டும். பிடி இறுகினால் மணிக்கட்டு விரைவிழக்கும்.

3. சேமித்தல்: பந்தெறிவாளர் கையைச் சுழற்றும்பொழுது உடலெடை பின்காலுக்குச் சிறிது செல்லும். பின்னர் முன்கால் ஒரு சிற்றடி எடுத்து மெல்ல ஊன்றும். கால் முன்செல்லும் அந்நேரத்தில் கைகள் பின்னேயே நிற்றல் இன்றியமையாதது.

4. திரும்புதல்: ஊன்றிய முன்காலை எதிர்த்து இடுப்பு திரும்பும், பின்காலின் குதிகால் எழும். தயிர் கடையும் மத்தின் தண்டு இடம்பெயராமல் சுழல்வதுபோல, தலையும் முதுகெலும்பும் முன்னே சாயாமல் உடல் சுழல வேண்டும்.

5. சந்தித்தல்: பந்து வரும் தளத்தோடு மட்டையின் தளம் இயைந்தால் இரண்டும் சந்திக்கும் வாய்ப்புப் பெருகும். ‘மேலிருந்து கீழாக வெட்டு’ என்று முன்னர்ப் பலரும் கற்பித்தனர். புகழ்பெற்ற மட்டையாளரான டெட் வில்லியம்ஸ் தம் நூலில், இறங்கி வரும் பந்துக்குச் சற்றே மேல்நோக்கிய வீச்சே ஏற்றது என வாதிட்டார். அவர் கூறியது பேஸ்பாலுக்கு எனினும், பந்தின் வழிக்கு மட்டையின் வழியை இயைத்தல் என்னும் நெறி இரண்டுக்கும் பொது. உடலருகே வரும் பந்தை முன்னதாகவும், விலகி வரும் பந்தைச் சற்றுத் தாமதித்தும் சந்திக்க வேண்டும்.

6. முடித்தல்: பந்தைத் தொட்டவுடன் மட்டையை நிறுத்தலாகாது. சுழற்சி முடிந்தபின்னும் பிள்ளை நிலைகுலையாமல் நின்றால் முன்னைய படிகள் செம்மையாய் அமைந்தன எனலாம்.

கற்பிக்கும் சொல்

‘முழங்கையை மடக்கு, தலையை அசைக்காதே, இடுப்பைத் திருப்பு’ என்று ஒரே மூச்சில் மூன்று கட்டளைகள் இடுவதைக் காண்கிறோம். அரை நொடிக்குள் மூன்றையும் நினைக்க யாரால் இயலும்? கேப்ரியேல் வுல்ப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நோக்கத்தக்கது. பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில், தம் கால்களைக் கவனித்தவரினும், காலுக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர் நன்கு கற்றனர். உடலுறுப்பைவிட, செயலின் விளைவில் கவனத்தை நிறுத்துவது பயன் தரும் என்பது இதன் கருத்து. ஆகவே ‘கையை நீட்டு’ என்பதற்கு மாறாக, ‘பந்தை அவர் தலைக்கு மேலே அனுப்பு’ எனலாம். ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் போதும். அதுவும் காலிலிருந்து தொடங்குதல் நன்று.

பயிற்சிக்குப் பெருஞ்செலவும் வேண்டா. இடுப்புயர மூங்கில் கழியை நட்டு, அதன் தலையில் ரப்பர்க் குழாய்த் துண்டைச் செருகினால் பந்து அமரும் தாங்கி கிடைத்துவிடும். வேப்பங்கிளையில் சணல் சாக்கைத் தொங்கவிட்டால் அடித்த பந்தைத் தேடி ஓடவேண்டியதில்லை. நிற்கும் பந்தில் சுழற்சி செம்மையுற்ற பின்னர், பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கிப்போடும் பந்து. அதன் பின்னரே எறிபந்து. களைத்த உடல் தவற்றையே பழகுமாதலின், பத்துப் பத்தாக அடித்து இடையில் ஓய்வு தருக.

மட்டைத் தேர்வும் கருதத்தக்கது. விதிப்படி மட்டையின் நீளம் 34 அங்குலத்தை விஞ்சலாகாது. அதற்காகச் சிறுமிக்கும் அந்நீளமே வேண்டும் என்பதில்லை. ஒற்றைக் கையால் பக்கவாட்டில் நீட்டிச் சிறிது நேரம் பிடிக்கும்பொழுது கை நடுங்குமாயின் அம்மட்டை அவளுக்கு மிகை. பள்ளியில் இருப்பது கனத்த மட்டை ஒன்றே எனின், பிடியைச் சற்று மேலேற்றிப் பிடித்தால் சுழற்றுதல் எளிதாகும்.

வலுவை வளர்க்க ஆண்டுகள் ஆகும். முறையைத் திருத்தச் சில வாரங்கள் போதும். ஆதலின் ‘உன்னால் ஆகாது’ என்று ஒரு பிள்ளையிடம் கூறுமுன், ஆசிரியரும் பெற்றோரும் அவள் கையை நோக்குவதை விடுத்து, ஒருமுறை அவள் காலை நோக்குவார்களாக.