காது அடைப்புக்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையா?

மழைக்காலம் வந்தாலே எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் வரிசை நீண்டுவிடுகிறது. அடைப்பு, அரிப்பு, வலி என்று வருகிறவர்கள் கையில் ‘மேல்சிகிச்சைக்கு’ என்று எழுதிய சீட்டு இருக்கிறது. விளக்கை வைத்துப் பார்த்தால் பலருக்கு இறுகிப்போன குறும்பி. மற்றவர்களுக்கு நனைந்த செய்தித்தாள் போலப் படிந்த பூஞ்சை. உறிஞ்சி எடுக்கச் சில நிமிடம் போதும். அதற்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி வந்திருப்பார்கள்.

வருவதற்குள் வீட்டில் நடப்பவை

குறும்பி நோயல்ல, காதின் காப்பு. பெரும்பாலும் அதுவே வெளியே வந்துவிடும். பட்ஸ் அதை உள்ளேதான் தள்ளுகிறது. ஹேர்பின்னும் சாவியும் தோலைக் கிழிக்கின்றன. கிழிந்த இடத்தில் கிருமி நுழைகிறது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றுகிறார்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்கே போய்விடும். கைக்குழந்தையின் காதில் தாய்ப்பால் விடும் பழக்கமும் இன்னும் ஒழியவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

என்னைக் கோபப்படுத்துவது மருந்துக்கடைச் சொட்டு மருந்துதான். பூஞ்சை பிடித்த காதில் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த மருந்தை வாரக்கணக்கில் விட்டால் பூஞ்சைதான் செழிக்கும். சரியான மருந்தாகவே இருந்தாலும், உள்ளே அடைத்திருப்பதை எடுக்காமல் விட்டால் எப்படி வேலை செய்யும்?

“உறிஞ்சினால் காது செவிடாகிவிடும்” என்கிறார்கள். ஆகாது. இரைச்சல் கேட்கும், சிலருக்குச் சற்று நேரம் தலை சுற்றும். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதைவிட இதுவே பாதுகாப்பானது.

உள்ளூரிலேயே முடியும்

பிரசவ அறை உள்ள சுகாதார நிலையங்களில் உறிஞ்சு கருவி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்து வைக்கத் தெரிய வேண்டும். காதுக்கான மெல்லிய குழாய், தலைவிளக்கு, மருத்துவருக்கு முறையான பயிற்சி ஆகியவைதான் கூடுதல் தேவை. ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே காது நோயைக் கவனிக்க வேண்டும் என்பது 2007-இல் தொடங்கிய தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. அங்குள்ள புறநோயாளிப் பிரிவிலேயே உறிஞ்சி எடுத்தால் எங்கள் வரிசை குறையும். உண்மையில் அவசரமானவர்களுக்கு எங்களிடம் நேரம் இருக்கும்.

யார் உடனே வர வேண்டும்?

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் குறும்பி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். நரம்புப் பாதிப்பாக இருந்தால் முதல் சில நாள்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்குத் தூங்கவிடாத காதுவலி, கோணிய வாய், நாற்றத்துடன் வடியும் சீழ், குழந்தை காதில் போட்டுக்கொண்ட பட்டன் பேட்டரி ஆகியவற்றுக்கும் உடனே வர வேண்டும். மற்றபடி சாதாரண அடைப்புக்குப் பரிசோதனை என்றால், காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பில் பார்ப்பதும் கேட்கும் திறனைச் சோதிப்பதும் பெரும்பாலும் போதும்.

குளித்தபின் காதின் வெளிப்புறத்தைத் துண்டால் துடையுங்கள், அவ்வளவுதான். உள்ளே எதையும் விடாதீர்கள், எதையும் நுழைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடைப்பு என்றால் முதல் நாளே அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள், “இங்கேயே எடுத்துவிட முடியுமா, டாக்டர்?” என்று கேளுங்கள்.